நற்செய்தி வாசிப்பும் நம் சங்கக் கணக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உத்தமபாளையம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பதினாறு வருஷத்துக்கு முன்னால் வாக்கப்பட்டு வந்தவள் நான். பத்தாவது வரை படித்திருக்கிறேன். வீட்டு வேலை, இரண்டு பிள்ளைகள், இரண்டு மாடு. திராட்சைத் தோட்டத்தில் ஆள் கூப்பிட்டால் கொடி கட்டவும் பழம் வெட்டவும் போவேன். எங்கள் சங்கத்தில் ஒன்பது வருஷமாக ஊக்குநராக இருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘வாசிப்பும் பெண்கள் முன்னேற்றமும்’. கேட்டதும் முதலில் சிரிப்புதான் வந்தது. நூலகத்துக்குப் போகவும் புத்தகம் வாங்கவும் நமக்கு ஏது நேரம்? நான் விடாமல் வாசிக்கிறது ஒன்றே ஒன்றுதான். எங்கள் தெருவில் புதன்கிழமை ராத்திரி ஏழு மணிக்குப் பத்துப் பதினைந்து பெண்கள் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடி நற்செய்தி வாசிக்கிறோம். அதை அன்பியம் என்போம். அதைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும்.

மதத்தைப் பரப்ப வந்திருக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஐந்து வேளை தொழுகிறவர்கள் இருக்கிறீர்கள். எங்கள் திண்ணைக்கே பக்கத்து வீட்டு மதினி ஒருவர் வருவார். நெற்றி நிறைய குங்குமத்தோடு வந்து உட்கார்ந்து, எங்களை விட நன்றாகப் பேசிவிட்டுப் போவார். நான் சொல்லப் போவது ஒரு கதை எங்கள் சங்கத்தை எப்படிப் பிடித்து உலுக்கியது என்பதை. அது எல்லாருக்கும் பொதுவானது.

எங்கள் பள்ளத்தாக்கில் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி மாதிரி பழைய கிறிஸ்தவ ஊர்கள் உண்டு. கோயிலும் பூசையும் திருவிழாவும் எப்போதும் உண்டு. ஆனால் பைபிளை நம் கையில் எடுத்து வாசிப்பது பிந்தி வந்ததுதான். எங்கள் அப்பத்தா சொல்லும், அது குமரியாக இருந்த காலத்தில் பூசையே லத்தீனில்தான் நடக்குமாம். இவர்கள் பாட்டுக்கு செபமாலை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் தமிழில் பூசை வந்தது, சாதாரண மக்களும் பைபிளை வாசியுங்கள் என்று சொன்னார்கள். அதற்கு வெகு காலத்துக்கு முன்னாலேயே, 1715இல், தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்துவிட்டார்கள். அச்சடித்தது எங்கள் அப்பத்தா கைக்கு வந்து சேர இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வந்தபோது அதற்கு எழுத்துத் தெரியாது. நம் வீட்டுப் பெரிய மனுஷிகள் நிறையப் பேர் கதை இதுதானே.

எங்கள் வாசிப்புக்கு ஒரு முறை இருக்கிறது. ஏழு படி என்பார்கள். முதலில் ஒரு சின்ன செபம். பிறகு ஒருவர் நிறுத்தி வாசிக்க வேண்டும். கேட்டவர்கள் அவரவர் மனதில் தைத்த ஒரு வார்த்தையை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விளக்கம் கிடையாது. பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசக்கூடாது. அதற்கப்புறம் அந்த வார்த்தை ஏன் தைத்தது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். யாரும் யாரையும் வெட்டிப் பேசக்கூடாது, பிரசங்கம் பண்ணக்கூடாது. பிறகு, சரி, இதைக் கேட்டு நாம் என்ன செய்யப் போகிறோம் என்று பேசி முடிவெடுத்து, செபம் சொல்லி எழுந்திருக்க வேண்டும். இதில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் டீச்சருக்கும் ஒரே இடம். ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்ள எழுத்துத் தெரிய வேண்டியதில்லை.

ஒரு சிஸ்டர் எங்களுக்குச் சொன்னார்கள். நிகரகுவா என்ற நாட்டில் சொலெந்தினாமே என்ற தீவுகளில் எர்னெஸ்தோ கார்தெனால் என்ற சாமியார் இருந்தாராம். பூசையில் தான் பிரசங்கம் வைப்பதற்குப் பதிலாக, மீன் பிடிக்கிறவர்களையும் காட்டு வேலை செய்கிறவர்களையும் பேசச் சொல்லி, அவர்கள் சொன்னதைப் புத்தகமாகவே போட்டாராம். எங்கள் திண்ணைப் பேச்சையும் யாராவது எழுதி வைத்தால் அதுவும் ஒரு புத்தகம் ஆகும். மாதிரிக்கு ஒன்று சொல்கிறேன்.

ஒரு திராட்சைத் தோட்டக்காரர் கதை மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் வருகிறது. விடியற்காலையில் போய் ஆள் பிடிக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு தெனாரியம் என்று கூலி பேசுகிறார். மறுபடி ஒன்பது மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, மூன்று மணிக்குப் போய்ப் பிடிக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கும் போகிறார். அங்கே சிலர் நிற்கிறார்கள். ஏன் நாள் முழுக்க இங்கேயே நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். கூலி கொடுக்கும்போது எல்லாருக்கும் ஒரே தெனாரியம். காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

திராட்சைத் தோட்டம் என்றால் நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் என்று எந்தப் பக்கம் போனாலும் கல்லுக்கால் பந்தல்தான். வேறு சீமையில் வருஷத்துக்கு ஒரு தரம் காய்க்கிற கொடி நம் ஊரில் வருஷம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டுக்கு நிற்கும். அதனால் அன்று எங்கள் திண்ணையில் பெரிய சண்டையே நடந்தது.

ஒருத்தி சொன்னாள்: “இது அநியாயம்க்கா. வெள்ளென எந்திரிச்சு சோறு கட்டிக்கிட்டு வெயில்ல குனிஞ்சு நிமிந்தவளும், பொழுது சாயற நேரத்துல வந்தவளும் ஒண்ணா? நாளைக்கு எவ காலையில வருவா?”

நானும் அந்தக் கட்சிதான். அப்போது எழுபது வயது தாண்டிய ஒரு பெரியம்மா பேசினார். எழுத்து வாசனை இல்லாதவர். எங்கள் தெருவுக்கே அவர் பெரியம்மாதான். பல வருஷம் ஏலத் தோட்டத்துக்குப் போனவர். உங்களுக்குத் தெரியும், கருக்கலில் ஜீப் வந்து நிற்கும். கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலைக்குப் போக வேண்டும். நின்று கொண்டிருப்பவர்களில் கைவேகம் உள்ளவளைத்தான் முதலில் ஏற்றுவார்கள்.

பெரியம்மா சொன்னார்: “அஞ்சு மணிக்கு வந்தவ சோம்பேறின்னு யாரு சொன்னா? அவளும் விடியக்காலமே வந்துதான் நின்னுருப்பா. கெழவின்னு எடுக்கலை, புள்ளைத்தாச்சின்னு எடுக்கலை. தூக்குவாளியில சோத்தை வச்சுக்கிட்டு நின்னு நின்னு பாத்துட்டு, அந்தச் சோத்தை அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது எப்படி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? வேலை செஞ்ச அலுப்பு தூங்குனா போயிரும். அது போகாது.”

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ஒரு தெனாரியம் என்பது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. ஒரு குடும்பம் ஒரு நாள் சாப்பிடுகிற பணம். அரைக் கூலி கொடுத்தால் அரை வயிறு. கடைசியில் வந்தவளுக்கும் வீட்டில் முழு வயிறுதானே இருக்கிறது? இருந்தாலும், நாளைக்கு எவ காலையில வருவா என்ற கேள்விக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியாது. தெரியாமல் எழுந்து போனாலும் பரவாயில்லை என்பதுதான் அந்தத் திண்ணையின் வழக்கம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இன்றைக்குப் பேச ஒத்துக்கொண்டேன்.

எங்கள் சங்கத்தில் 14 பேர். சின்னச் சேமிப்பில் தொடங்கி, பிறகு கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கினோம். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், கொரோனா வந்து எல்லாரும் முடங்கிக் கிடந்தோம். தோட்டத்தில் பழம் கொடியிலேயே அழுகியது. மலைக்குப் போக வழியில்லை. தவணை கட்ட முடியாமல் எத்தனை ராத்திரி தூங்காமல் இருந்தோம். அதற்கப்புறம், கூட்டுறவு வங்கிகளில் மகளிர் குழுக்கள் வாங்கிய கடனில் நிலுவையில் இருந்ததை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. 2021ஆம் வருஷம் மார்ச் 31ஆம் தேதி வரை பாக்கி இருந்த கடன். எங்கள் சங்கத்துக்கும் அது கிடைத்தது. சேதி வந்த அன்றைக்கு நாங்கள் கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தோம். நான் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். பக்கத்து வீட்டு மதினி காளியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் போயிருக்கும். எங்கள் சங்கத்தில் ஒரு அக்கா. பெயர் சொல்ல மாட்டேன். சங்கத்தின் உள்கடன் வாங்கியிருந்தார். அதில் அபராதம் எல்லாம் சேர்த்து 7,200 ரூபாய் பாக்கி. நான்கு மாதமாகக் கட்டவில்லை, கூட்டத்துக்கும் வரவில்லை. ஆள் விட்டால் “அடுத்த மாசம்” என்று பதில் வரும். கூட்டத்தில் எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். “உனக்கு வேண்டியவங்கிறதால விட்டு வச்சிருக்கியா?” என்றார்கள். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் நான் புதுப் பெண்ணாக வந்தபோது, எங்கள் மாமியாரிடம் பேசி, கையைப் பிடித்துக் கூட்டிப் போய் என்னைச் சங்கத்தில் சேர்த்துவிட்டதே அந்த அக்காதான்.

ஒரு சாயங்காலம் நாங்கள் எட்டுப் பேர் அவர் வீட்டு வாசலுக்குப் போனோம். தெருவில் எல்லாரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரம். நான்தான் பேசினேன். சத்தமாகவே பேசினேன். “எங்க பணத்துல சோறு திங்கிறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இல்லையா?” என்று கேட்டேன். இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. நின்ற இடத்திலேயே இரண்டு காதுத் தோட்டையும் கழற்றினார். என் கையில் இருந்த கணக்கு நோட்டின் மேல் வைத்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? திருப்பிக் கொடுக்கவில்லை. மறுநாள் என் பெயரில் அடகு வைத்து 7,200 ரூபாய் வாங்கிச் சங்கத்தில் வரவு வைத்தோம். தீர்மான நோட்டில் ‘நிலுவை முழுவதும் வசூல் ஆனது’ என்று என் கையாலேயே எழுதினேன். எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அந்த அக்கா காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு தோட்ட வேலைக்குப் போனார். எதிரே வந்தால் நான் வேறு சந்தில் திரும்பிக்கொள்வேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. அன்றைக்கு வாசிக்க வேண்டியது என் முறை. மத்தேயு 18ஆம் அதிகாரம். என் சகோதரனை எத்தனை தடவை மன்னிப்பது, ஏழு தடவை போதுமா என்று இராயப்பர் கேட்கிறார். அதற்கு இயேசு ஒரு கதை சொல்கிறார். ஒரு வேலைக்காரன் அரசனிடம் பத்தாயிரம் தாலந்து கடன் பட்டிருக்கிறான். கட்ட வழி இல்லை. காலில் விழுந்து கெஞ்சுகிறான். அரசன் மனம் இரங்கி முழுக் கடனையும் தள்ளுபடி செய்துவிடுகிறான். வெளியே வந்த அதே ஆள், தன்னிடம் நூறு தெனாரியம் கடன்பட்ட கூட்டு வேலைக்காரனைப் பார்க்கிறான். கழுத்தைப் பிடித்து நெரித்து, கொடு என்கிறான். அவனும் காலில் விழுந்து, பொறுத்துக்கொள், கட்டிவிடுகிறேன் என்கிறான். இவன் கேட்காமல் சிறையில் தள்ளுகிறான்.

கழுத்தைப் பிடித்த இடம் வந்ததும் எனக்குக் குரல் அடைத்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு எப்படியோ வாசித்து முடித்தேன். ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை சொன்னார்கள். ஒருத்தி “மன்னிப்பு” என்றாள். ஒருத்தி “அரசன்” என்றாள். பெரியம்மா முறை வந்தது. அவர் “கழுத்து” என்றார்.

அமைதி நேரம் முடிந்தது. பெரியம்மா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அவன் கழுத்தைப் பிடிச்சான். நாம காதைப் பிடிச்சோம்.”

அவரும் எங்கள் சங்கத்து உறுப்பினர்தான். அன்றைக்கு அந்த வாசலுக்கு வந்த எட்டுப் பேரில் ஒருவர். “நாம” என்று தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார். எனக்கு வந்ததோ கோபம். முறையெல்லாம் மறந்து சண்டைக்குப் போய்விட்டேன். “ராசா பணம் ராசாவோடது, அவரு தள்ளுபடி பண்ணுவாரு. இது என் வீட்டுப் பணமா? 14 பேர் வாயக்கட்டி வயித்தக்கட்டிப் போட்ட காசு. நான் யாரு மன்னிக்க?” என்றேன். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் கேட்ட கேள்வி தப்பான கேள்வி இல்லை. இப்போதும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். சங்கத்துப் பணம் ஒருத்தி தானம் பண்ணுகிற பணம் இல்லை. இங்கே இருக்கிற எல்லா ஊக்குநரும் பிரதிநிதியும் இதே கஷ்டத்தில்தான் இருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. பைபிளின் கடைசிப் பக்கங்களில் பழைய காலத்துப் பணத்துக்கு விளக்கம் போட்டிருந்தார்கள். பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு தாலந்து 6,000 தெனாரியம். அப்படியென்றால் பத்தாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி. ஒரு ஆள் வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தாலும் இரண்டு லட்சம் வருஷம் ஆகும். பிறவி பிறவியாக உழைத்தாலும் தீராது.

அடுத்து நூறு தெனாரியம். நூறு நாள் கூலி. நூறு நாள் வேலை என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? மண்வெட்டியும் சட்டியும் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கும் ஓடைக்கும் போய்ச் சம்பாதித்த பணம். அது ஒன்றும் அற்பக் காசு இல்லை. இயேசு அதை அற்பம் என்று சொல்லவும் இல்லை. கேட்க உரிமை இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த ஆள், பொறுத்துக்கொள், கட்டிவிடுகிறேன் என்றுதானே கெஞ்சினான்? தள்ளுபடி கூடக் கேட்கவில்லை, தவணைதான் கேட்டான். தனக்குக் கிடைத்ததை மறந்துவிட்டு, அந்தத் தவணையைக் கூடக் கொடுக்காமல் கழுத்தைப் பிடித்ததுதான் அவன் செய்த குற்றம்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கேசரி ஞாபகம் வந்தது. எங்கள் கடன் தள்ளுபடி ஆன அன்றைக்குத் தெருவுக்கே கொடுத்த கேசரி. அந்த அக்காதான் அடுப்பில் நின்று கிண்டினார்.

அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டு மதினி வந்து, “சாமியோட கோவிச்சுக்கிட்டா எந்தச் சாமியும் வந்து கூப்பிடாது, நான்தான் வரணும்” என்று இழுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு வாசித்தது லூக்கா 15. ஒரு பெண்ணிடம் பத்து வெள்ளிக் காசு இருக்கிறது. ஒன்று தொலைந்துவிடுகிறது. ஒன்பது இருக்கிறதே என்று அவள் உட்கார்ந்துவிடவில்லை. விளக்கைப் பொருத்தி, வீட்டைக் கூட்டி, கிடைக்கிற வரைக்கும் தேடுகிறாள். கிடைத்ததும் அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறாள்.

சிறுசு ஒருத்தி, எங்கள் சங்கத்தில் கணக்கு எழுத உதவி செய்கிறவள், சொன்னாள்: “அக்கா, போன வருஷம் கணக்குல பத்து ரூபா இடிச்சுச்சு. ராத்திரி பத்து மணி வரைக்கும் அஞ்சு நோட்டையும் புரட்டித் தேடுனோமே. ஒரு ஆளு நாலு மாசமா காணோம். ஒரு தடவையாவது தேடுனமா?”

ஆள் விட்டோம், பணம் கேட்டு. வாசலுக்குப் போனோம், பணம் கேட்டு. அக்கா, என்ன ஆச்சு என்று ஒருத்தி கூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நானும் பெரியம்மாவும் போனோம். கதவைத் திறந்தார். காதில் வேப்பங்குச்சி. நான் “என்னை மன்னிச்சிருங்கக்கா” என்றேன். பெரியம்மாதான் மெதுவாகப் பேச்சுக் கொடுத்து விஷயத்தை வாங்கினார். மகளின் நர்சிங் படிப்புக்காக வாரத் தவணைக் கடன் வாங்கியிருக்கிறார். வசூலுக்கு வருகிற பையன் பணம் வாங்காமல் வாசலை விட்டு நகர மாட்டானாம். அதனால் கிடைத்த கூலியை எல்லாம் அவனுக்கே கொடுத்திருக்கிறார்.

“அவன் வாசல்ல வந்து உக்காருவான், மானம் போகும்னு அவனுக்கு மொதல்ல கட்டுனேன். நீங்க நம்ம ஆளுக. பொறுப்பீகன்னு நெனச்சேன். நீங்க வாசலுக்கு வர மாட்டீகன்னு நெனச்சேன்” என்றார்.

அக்கா தங்கச்சிமார்களே, எங்களை நம்பினதால்தான் எங்களுக்குக் கட்டாமல் இருந்திருக்கிறார். வசூல்காரர்கள் வாசலில் உட்காருவதைப் பார்த்துத் திட்டுகிற நாங்களே, அவர்களை விட மோசமாக நடந்திருக்கிறோம்.

பிறகு சங்கத்தைக் கூட்டிப் பேசினோம். எல்லாரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “இப்படி மன்னிச்சா நாளைக்கு எல்லாரும் கட்டாம விட்டுருவாக” என்று மூன்று பேர் சொன்னார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருத்தி கைம்பெண், அவளுடைய சேமிப்பு அவளுக்கு உயிர். அதனால் சங்கப் பணத்தில் ஒரு பைசாவும் தள்ளுபடி செய்வதில்லை என்று முடிவு செய்தோம். தோட்டை மீட்க வட்டியோடு 7,680 ரூபாய் வேண்டும். பத்துப் பேர் ஆளுக்கு ஒரு நாள் கூலி என்று 300 ரூபாய் எங்கள் கைக்காசில் போட்டோம். அது 3,000 ஆனது. மீதி 4,680 ரூபாயை அவர் பெயரில் புதுக் கடனாக எழுதி, மாதம் 260 ரூபாய் வீதம் 18 தவணையாகப் பிரித்தோம். அவர் கட்டியிருக்க வேண்டிய கடனும் எங்கள் மேல் இருந்த கடனும் இரண்டும் அதில் அடங்கியது என்று நினைக்கிறேன்.

தோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் காதில் போட்டுக்கொண்டார். “தவணையை மாசாமாசம் கட்டிருவேன். ஆனா கூட்டத்துக்கு வர மாட்டேன்” என்றார். நான்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டேனே அக்கா என்றேன்.

அதற்கு அவர் சொன்னார்: “நீ பேசுனது தெருவுல. மன்னிப்புக் கேட்டது வீட்டுக்குள்ள.”

அந்த வார்த்தைக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வாசிப்பைப் பற்றி இந்த மேடையில் பேசச் சொல்லிக் கூட்டமைப்பில் கேட்டபோது, நான் நேராக அவர் வீட்டுக்குத்தான் போனேன். இதைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “சொல்லு. என் பேரைச் சொல்லாத. ஒன் பேரைச் சொல்லு” என்றார்.

என் பெயரைச் சொல்லித்தான் இப்போது உங்கள் முன்னால் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து முப்பது பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அன்றைக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் இருக்கிறீர்கள். தெருவில் நான் பேசியது தப்பு. அவர் எங்கள் பணத்தில் சோறு தின்னவில்லை. மகளைப் படிக்க வைக்க மாடாய் உழைத்தார். அவரிடம் நான் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் நாலு தவணை பாக்கி இருக்கிறது. ஒரு மாதமும் தவறவில்லை. கூட்டத்துக்கு இன்னும் வரவில்லை. போன மாதம் தவணை கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர், முதல் தடவையாகத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவ்வளவுதான். வருகைப் பதிவேட்டில் அவர் பெயரை நாங்கள் அடிக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கிறோம்.

இதற்குப் பிறகு எங்கள் தீர்மான நோட்டில் நான்கு விஷயம் எழுதியிருக்கிறோம். உங்கள் சங்கத்திலும் பேசிப் பாருங்கள்.

ஒன்று, ஒரு உறுப்பினர் இரண்டு கூட்டத்துக்குச் சேர்ந்தாற்போல் வராவிட்டால், இரண்டு பேர் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். போகும்போது கணக்கு நோட்டை எடுத்துப் போகக்கூடாது.

இரண்டு, யார் வீட்டு வாசலிலும் கும்பலாக நின்று பணம் கேட்கக்கூடாது. கேட்பதைக் கூட்டத்தில்தான் கேட்க வேண்டும்.

மூன்று, நகையாகவோ பாத்திரமாகவோ எதையும் கடனுக்கு ஈடாக வாங்கக்கூடாது. முடியாதவருக்குத் தவணையை மாற்றி எழுத வேண்டும்.

நான்கு, கூட்டம் தொடங்கியதும் வரவு செலவுக்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் வீட்டு நிலவரத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது. இது எங்கள் புதன்கிழமைத் திண்ணையிலிருந்து எடுத்துக்கொண்டது.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒருத்தி இந்தச் சலுகையைச் சாக்காக வைத்து மூன்று மாதம் இழுத்தடித்தாள். கூட்டத்தில் முகத்துக்கு நேராகவே கேட்டோம், கட்டினாள். இரக்கம் காட்டுவதும் கணக்குக் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்று இப்போது தெரிகிறது.

வாசிப்பு முன்னேற்றம் தருமா என்று கேட்டீர்கள். எனக்கு அது முதலில் வெட்கத்தைத்தான் தந்தது. அந்தப் பைபிள் என் வீட்டு அலமாரியில் பல வருஷமாக இருந்தது. தனியாக வாசித்திருந்தால் அந்தக் கதையில் வருகிற கெட்ட வேலைக்காரன் வேறு யாரோ என்று தாண்டிப் போயிருப்பேன். பக்கத்தில் பெரியம்மா உட்கார்ந்திருந்ததால்தான் அது நான் என்று தெரிந்தது. உங்களுக்குப் பிடித்தது எதுவோ, குர்ஆனோ, இராமாயணமோ, செய்தித்தாளோ, பிள்ளைகளின் பாடப் புத்தகமோ, அதை நாலு பேராகச் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள். எழுத்துத் தெரியாத ஒருவரையும் கட்டாயம் பக்கத்தில் உட்கார வையுங்கள்.